குன்னூரிலிருந்து கிரிட் வரை: மலைப் பிள்ளையைக் கார்ட்டிங்கில் தொடங்கி மேலே கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் எனக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மாதம் ஒருவராவது பிரேக் பேட் வாங்க வந்துவிட்டு, போகும்போது தயங்கி நின்று கேட்பார்: "அண்ணா, பையன் ஸ்டியரிங்கைப் பிடிச்சா விடவே மாட்டேங்கறான். ரேஸில் சேர்க்கணும்னா எங்கே போகணும்?" என் மகள் 9 வயதில் கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கி, 17 வயதில் ஃபார்முலா எல்ஜிபி 4 என்ற பந்தயக் காரில் கிரிட்டில், அதாவது பந்தயம் தொடங்கும் வரிசையில், நின்றாள். அது ஊருக்குத் தெரியும் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கல்லாப்பெட்டி முன்னால் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

நம்பிக்கை தரும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டியவர்கள் இதுவரை இரண்டே பேர்: 2005-இல் நாராயண் கார்த்திகேயன், 2010-இல் கருண் சந்தோக். ஒருவர் கோயம்புத்தூர், மற்றவர் சென்னை. அதாவது, இந்த நாட்டின் பந்தய வாசல் நம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. மும்பையில் இருக்கும் பெற்றோரைவிட நமக்கு டிராக் பக்கம்.

படி 1: மலைச்சாலை கற்றுக்கொடுத்ததைத் தரம் பிரியுங்கள்

கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இதில் தினம் போய்வருகிற பிள்ளைக்கு ரேஸ் தானாக வந்துவிடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கும் இருந்தது. பாதிதான் சரி.

மலை தருவது கண். அடுத்த வளைவைத் தாண்டி, பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் தெரியும் சாலையைப் பார்த்து, வண்டி வருகிறதா என்று முன்கூட்டியே அறியும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே இருக்கிறது. டிராக்கிலும் பயிற்சியாளர் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான்: மூக்குக்கு முன்னால் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார்.

மலை கெடுப்பது கையை. இங்கே இடது ஓரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் எதிரே பஸ். அதனால் எல்லா வளைவையும் ஒட்டியே எடுக்கிறோம், சீக்கிரமே ஸ்டியரிங்கைத் திருப்புகிறோம், வளைவு முழுக்கப் பிரேக்கில் கால் வைத்திருக்கிறோம். டிராக்கில் எல்லாமே தலைகீழ். முழு அகலமும் உங்களுடையது. வெளி ஓரத்திலிருந்து வந்து, நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, கொஞ்சம் தாமதமாகத் திருப்பி, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விரிய வேண்டும். என் மகளுக்கு இந்தச் சீக்கிரம் திருப்பும் பழக்கம் போக 5 மாதம் ஆனது. காரின் முன் சீட்டில் இருந்து என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் அதைக் கற்றிருந்தாள்.

இதோடு ஒன்று. பந்தயம் பழக மலைச்சாலையைப் பயன்படுத்தவே கூடாது. இரவில் கோத்தகிரி ரோட்டில் டைமிங் போடும் இளைஞர்களைப் பார்க்கிறேன். எதிரே வருபவர் பால் வண்டிக்காரராக இருப்பார். அங்கே கற்பது எதுவும் டிராக்கில் வினாடியில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் குறைக்காது.

படி 2: கீழே இறங்குங்கள், எதையும் வாங்காதீர்கள்

நமக்குப் பக்கத்தில் இருப்பது கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே, சுமார் 2.1 கி.மீ. நீளம். அந்தப் பெயருக்கு உரியவர் எஸ். கரிவர்தன். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து, நம் நாட்டுப் பிள்ளைகள் கட்டுப்படியான செலவில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் செய்து கொடுத்த கோவைக்காரர். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டித்தான் நாராயணும் வளர்ந்தார். பிள்ளையை முதல்முறை அழைத்துப் போகும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பெரிய டிராக் இருக்கிறது. அதை ஒட்டி 2024-இல் தனியாக ஒரு கார்ட்டிங் டிராக்கும் திறந்தார்கள். பெங்களூருவிலும் பழைய, நல்ல கார்ட்டிங் களங்கள் உண்டு. ஆனால் தொடக்கத்துக்கு, வாரம் தவறாமல் போய்வர முடிகிற இடமே சிறந்தது.

முதல் ஆறு மாதம் வாடகைக் கார்ட் போதும். அதில் இருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின், மெதுவான வண்டி. மெதுவான வண்டியில் தவறு தெளிவாகத் தெரியும்: ஒரு வளைவில் வேகத்தைத் தொலைத்தால் அடுத்த நேர்ப்பாதை முழுக்க அது திரும்பி வராது. ஒரே நாளில் 6 செஷன் ஓட்ட விடாதீர்கள். 3 போதும், நடுவில் அரை மணி உட்கார்ந்து பேசுங்கள். எந்த வளைவில் என்ன செய்தாய் என்று பிள்ளை வாயால் சொல்லட்டும். சொல்ல முடிந்தால்தான் திருத்த முடியும்.

அடுத்த படிக்கு எப்போது போவது? என் அளவுகோல் இது: தொடர்ந்து 10 லேப் (டிராக்கில் ஒரு முழுச் சுற்று ஒரு லேப்), எல்லாவற்றின் நேரமும் அரை வினாடி வித்தியாசத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு லேப் மட்டும் வேகமாக அடிக்கிற பிள்ளைகள் நிறைய. பத்தும் ஒன்றுபோல அடிக்கிற பிள்ளையைத்தான் டீம்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

படி 3: கார்ட் எப்படித் திரும்புகிறது என்று புரியவையுங்கள்

பல பெற்றோர் தவிர்க்கும் பாடம் இது. காரில் டிஃபரன்ஷியல் இருக்கும். வளைவில் உள் சக்கரம் மெதுவாகவும் வெளிச் சக்கரம் வேகமாகவும் சுழலும். கார்ட்டில் அது கிடையாது. பின் ஆக்ஸில் ஒரே கம்பி, இரண்டு சக்கரமும் ஒரே வேகம். அப்படியே விட்டால் கார்ட் நேராகவே போகப் பார்க்கும். ஆகவே வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் தரையிலிருந்து சற்றே எழும்ப வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரங்களின் சாய்வு அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. கார்ட்டின் குழாய்ச் சட்டம் (சேசிஸ்) முறுக்கிக்கொடுத்து உதவுகிறது. கார்ட்டில் ஸ்பிரிங் இல்லை, அந்தச் சட்டம்தான் ஸ்பிரிங்.

இது தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். பைக்கில் சாய்வதுபோல உடம்பை உள்பக்கம் சாய்த்தால் எழும்ப வேண்டிய சக்கரத்தின் மீதே எடையை வைக்கிறோம், கார்ட் திணறும். நிமிர்ந்து உட்கார்ந்து, தோள் சீட்டில் ஒட்டியிருக்க வேண்டும். பெரும்பாலான பிரிவுகளில் பிரேக் பின் ஆக்ஸிலில் மட்டும்தான். திரும்பிக்கொண்டே அழுத்தினால் சுற்றிவிடும். இடது கால் பிரேக், வலது கால் ஆக்ஸிலேட்டர், இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது.

படி 4: பாதுகாப்பும் லைசன்ஸும்

ஹெல்மெட்டில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு ஸ்னெல்-எஃப்ஐஏ சிஎம்ஆர் என்ற தர முத்திரை உள்ள ஹெல்மெட் தனியாக வருகிறது; இளம் கழுத்துக்குத் தாங்கும்படி எடை குறைத்துச் செய்தது. பெரியவர் ஹெல்மெட்டைப் பஞ்சு வைத்துப் போட்டுவிடாதீர்கள். அடுத்து விலாக் கவசம். சீட்டின் விளிம்பு விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும். கார்ட்டிங்கில் விலா வலி சர்வசாதாரணம். பிறகு சூட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ.

தேசியப் போட்டிகளுக்கு எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசன்ஸ் வேண்டும். மருத்துவச் சான்று, ரத்த வகை, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் தயாராக வைத்திருங்கள். ரோட்டு லைசன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கொடிகளைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள். முன்னே ஆபத்து என்று காட்டும் மஞ்சள் கொடியில் முந்தினால் ஓட்டிய ஓட்டமெல்லாம் வீண்.

படி 5: டூ-ஸ்ட்ரோக், உயரம், ஒரு பிஸ்டன்

இங்கேதான் உண்மையான ரேஸ் கார்ட் தொடங்குகிறது. பரவலாக ஓடுவது ரோட்டாக்ஸ் மேக்ஸ் எஞ்சின் குடும்பம். பெரியவர் பிரிவின் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் 30 குதிரைத்திறன் தரும், ஜூனியர் சுமார் 23. சிறுவர்களுக்கு மைக்ரோ மேக்ஸ் இன்னும் குறைவு. ஒவ்வொரு பிரிவிலும் வண்டியும் டிரைவரும் சேர்ந்த குறைந்தபட்ச எடை உண்டு. மெலிந்த பிள்ளை என்றால் சீட்டில் ஈயக்கட்டி போல்ட் போடுவார்கள், பயப்பட வேண்டாம்.

முதல் சீசன் டீமிடம் வண்டி, மெக்கானிக், டென்ட் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். பிறகு பழைய சட்டம் வாங்குவதானால் கவிழ்த்துப் போட்டு அடிக்குழாயைக் கையால் தடவிப் பாருங்கள். கெர்ப் (டிராக்கின் ஓர மேடு) மேல் உரசி உரசிக் குழாய் தட்டையாகியிருந்தால் அதன் முறுக்கும் தன்மை போயிருக்கும். வெல்டிங் பக்கம் விரிசல் பாருங்கள். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிவைத்த நோட்டு இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அப்புறம், மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று; வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், கோவை சுமார் 410. நம் ஊர்க் காற்றின் அடர்த்தி அங்கிருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளை) இங்கே பெட்ரோல் அதிகமாகப் போவதுபோல் எஞ்சின் இருமும். அதைச் சரிசெய்யச் சின்ன ஜெட் போட்டால் அழகாக ஓடும். அந்த ஜெட்டோடு கீழே போனால், அடர்த்தியான காற்றுக்குப் பெட்ரோல் போதாது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும்.

நான் அதைத்தான் செய்தேன். மகளுக்கு 13 வயது. வாடகைக்கு எடுத்துப் பழகிய பிறகு நாங்கள் வாங்கிய முதல் எஞ்சின். ஒரு ஃபேக்டரியின் சிமெண்ட் களத்தில் வைத்து ஓட்டிப் பார்த்து, ஜெட்டை நானே மாற்றி, சத்தம் சுத்தமாக வருகிறது என்று மகிழ்ந்து கீழே கொண்டுபோனேன். நான்காவது லேப்பில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் பூட்டி, அவள் சுற்றி நின்றாள். பின்னால் வந்த பையன் விலகிப் போனதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம்: எஞ்சினை மலையில் தொடுவதில்லை. எந்த டிராக்கோ அங்கே, அந்த நாள் வெயிலில், பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து வர வேண்டும். செஷன் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள்.

டயர் காற்றிலும் இதே கதை. கார்ட் டயரில் அரை பி.எஸ்.ஐ. வித்தியாசமே ஓட்டுபவருக்குத் தெரியும். குன்னூரில் 12 வைத்து மூடினால், வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மட்டுமே கீழே சுமார் 2 பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும்; சமவெளிச் சூடு அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். ஆகவே வீட்டில் அளந்த எண்ணை நம்பாதீர்கள், நல்ல கேஜ் ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

படி 6: வெயிலும் மழையும்

நம் பிள்ளைகள் தோற்பது வளைவில் இல்லை, வெயிலில். 18 டிகிரியில் வளர்ந்த உடம்பை ரேஸ் சூட்டில் அடைத்து, 36 டிகிரியில் உட்கார வைக்கிறோம். கடைசி மூன்று லேப்பில் கவனம் சிதறும், எல்லாரும் தைரியம் இல்லை என்பார்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். பெரிய போட்டிக்கு முன் ஒரு வாரமாவது கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினம் மாலை வியர்க்க ஓடட்டும். தண்ணீரோடு ஓஆர்எஸ். சூடான பந்தயங்களில் ஃபார்முலா 1 டிரைவர்களே 2, 3 கிலோ வியர்வையாக இழப்பதுண்டு.

மழை நமக்குச் சொந்தம். ஃபார்முலா 1 சாம்பியன் அயர்டன் சென்னா சிறுவயதில் நனைந்த டிராக்கில் மோசமாகத் தோற்று, அதன்பின் மழை பெய்தபோதெல்லாம் கார்ட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பழகினார். மழை என்றால் டிராக் காலியாக இருக்கும், போங்கள். காய்ந்த நாளில் எல்லாரும் ஓட்டும் கோட்டில் ரப்பர் படிந்திருக்கும். நனைந்தால் அது வழுக்கும். அந்தக் கோட்டை விட்டு வெளிப்பக்கமாகப் போனால் பிடிப்பு கிடைக்கும்.

போட்டிக்கு வியாழக்கிழமையே இறங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும்.

படி 7: கார்ட்டிலிருந்து கார்

15, 16 வயதில் கேள்வி வரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அதே சமயத்தில் நிற்கும். தேர்வு வருடம் போட்டிகளைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

உள்ளூரில் முதல் கார் பெரும்பாலும் ஃபார்முலா எல்ஜிபி 4. கோவையின் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது, சுசுகி எஞ்சின் பூட்டிய ஒற்றை இருக்கைக் கார். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி என்பதால் ஓட்டுபவர் யார் என்பது தெரிந்துவிடும். கார்ட்டில் இல்லாத கியர், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் இதில் கற்றுக்கொள்ளலாம்.

அதற்கு மேல் ஃபார்முலா 4 இந்தியச் சாம்பியன்ஷிப், 2023-இல் தொடங்கியது. உலகம் முழுக்க உள்ள எஃப்4 தொடர்களோடு ஒரே விதி. 15 வயது நிறைந்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி சுமார் 3.5 கி.மீ. தெருப் பாதையில் விளக்கு வெளிச்சத்தில் ஓட்டினார்களே, அதே கார். இதில் இறக்கைகள் உண்டு; வேகம் கூடக்கூடக் காற்று காரைத் தரையோடு அழுத்தும். மெதுவாகப் போனால் பிடிப்புக் குறையும் என்பதை மனம் ஏற்கக் கொஞ்ச நாள் ஆகும். வீட்டில் ஒரு சிமுலேட்டர் இருந்தால் இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பயன்படும்.

மகள் வைத்திருப்பவர்களுக்கு: 2023 முதல் பெண்களுக்கென்றே எஃப்1 அகாடமி நடக்கிறது, 16 முதல் 25 வயது வரை, எஃப்4 தரக் கார். நோக்கு அங்கேயும் இருக்கட்டும்.

படி 8: கடல் தாண்டி

இதற்குமேல் ஏணி பெரும்பாலும் ஐரோப்பாவில். ஃபார்முலா ரீஜனல், பிறகு சுமார் 380 குதிரைத்திறனுள்ள ஃபார்முலா 3 (எஃப்3), பிறகு சுமார் 620 உள்ள ஃபார்முலா 2 (எஃப்2). மும்பையின் ஜெஹான் தாருவாலாவும் பெங்களூருவின் குஷ் மைனியும் எஃப்2 வரை ஏறி அங்கே பந்தயங்களை வென்றவர்கள்.

ஃபார்முலா 1-க்கு சூப்பர் லைசன்ஸ் வேண்டும். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015-இல் 17 வயதில் அறிமுகமான பிறகு, பொதுவாக 18 வயது என்று விதி கொண்டுவந்தார்கள். 3 வருடங்களுக்குள் 40 புள்ளி சேர்க்க வேண்டும். எஃப்2-இல் முதல் மூன்று இடங்களுக்குத் தலா 40, எஃப்3 சாம்பியனுக்கு 30, எஃப்4 சாம்பியனுக்கு 12. இதோடு ரோட்டு லைசன்ஸ், விதிமுறைத் தேர்வு, எஃப்1 காரில் 300 கி.மீ. ஓட்டம். இந்தப் புள்ளிக் கணக்கைப் பிள்ளைக்கு 14 வயதாகும்போதே பாருங்கள். எந்தத் தொடரில் பணத்தைப் போடுவது என்பதை அதுதான் முடிவுசெய்யும்.

பணம்

எஃப்2-இல் ஒரு சீசனுக்கு 20 கோடி ரூபாய் அளவில் ஆகும் என்று பரவலாகப் பேசப்படுகிறது. உள்ளூர்க் கார்ட்டிங்கே ஒரு சீசன் பல லட்சம். வீட்டை அடமானம் வைத்து இதைச் செய்யாதீர்கள். கேட்டுக்கொள்கிறேன். ஃபார்முலா 1 சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கரின் அப்பா கொத்தனார். உள்ளூர்க் கார்ட் டிராக்கைப் பார்த்துக்கொண்டவர். இன்னொரு சாம்பியன் லூயிஸ் ஹாமில்டனை 1998-இல், 13 வயதில், ஃபார்முலா 1 அணியான மெக்லாரன் தத்தெடுத்தது. குடும்பப் பணம் தீர்ந்த இடத்தில் வேறொருவர் வந்ததால்தான் அவர்கள் மேலே போனார்கள். அந்த வேறொருவரைத் தேடும் வேலையைக் கார்ட்டிங் முதல் வருடமே தொடங்க வேண்டும்.

எங்களுக்குப் பலித்தது சின்னச் சின்ன உதவிகள். ஒரு டீ ஃபேக்டரிக்காரர் ஒரு சீசன் டயர் வாங்கித் தந்தார். ஒரு லாட்ஜ்காரர் போட்டி நாட்களில் அறை தந்தார். பணம் கேட்டால் யோசிப்பவர்கள், "டீசல் போட்டுத் தாங்க அண்ணா" என்றால் தருகிறார்கள். இரண்டு பக்கத் தாள் போதும்: பிள்ளையின் படம், லேப் டைம் எப்படிக் குறைந்தது, வண்டியில் பெயர் எங்கே வரும். முடிவுகளை ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு அனுப்புங்கள், தோற்ற மாதத்திலும்.

எங்கள் ஏணி எல்ஜிபி 4-இல் நின்றது, பணத்தால். மகள் இப்போது கோவையில் மெக்கானிக்கல் படிக்கிறாள். மாணவர்களே கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா பாரத் அதே செட்டிபாளையம் டிராக்கில் நடக்கிறது. அவள் கல்லூரி அணியில் பிரேக் பகுதி அவள் பொறுப்பு. சோதனை ஓட்டத்தில் ஸ்டியரிங்கும் அவளிடம்தான்.

வருகிற சனிக்கிழமை போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே போன் செய்து வாடகைக் கார்ட் உண்டா, டிராக் காலியா என்று கேளுங்கள். போட்டி நாட்களில் கிடைக்காது. காலை 5 மணிக்குக் குன்னூரிலிருந்து கிளம்புங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிள்ளைக்கு முழுக்கை பருத்திச் சட்டை, மூடிய ஷூ, நிறையத் தண்ணீர். வெயில் ஏறுவதற்குள் முதல் செஷன் முடிந்திருக்க வேண்டும்.